பார்க்கும்போது விழாத டனல்

எஸ்தருக்கு ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரத் தெரியாது. தோசையை வேகவிடாமல் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற ரகம். தேஹு ரோடு ராணுவ டிப்போ ஊழியரின் மகள், இப்போது விஷ்ராந்த்வாடி ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட். அவள் கால் ஆட்டுகிற ஆட்டத்தில் என் மேஜையும் சேர்ந்து ஆடும்.

லோஹேகாவில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கும் படங்கள் நாங்கள் போட்டுக்கொடுத்த வி.பி.என். டனல், அதாவது இணையத்துக்குள் போட்ட தனிப் பாதை, வழியாகத்தான் கேம்ப் ஏரியாவில் இருக்கும் டாக்டருக்குப் போகும். கொஞ்ச நாளாக, மதியம் ஆள் வராத நேரத்தில் டனல் செத்துவிடுகிறது. அடுத்து எடுக்கும் படம் போகாது. மேனேஜர் பத்மநாபன் காலையில் எஸ்தரிடம் முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் விழுந்துச்சுன்னா உன் கான்ட்ராக்டை நீட்டிக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

அவள் கணவருக்கு வேலை போய்விட்டது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அது மேனேஜருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீப்அலைவ் போட்டுத்தானே வெச்சிருக்கேன் வள்ளி! நான் பாக்கறப்ப விழவே மாட்டேங்குது. லேப்டாப்பை மூடிட்டு சாப்பாட்டு டப்பா திறந்தா உடனே போயிடுது. க்யா கரூம், என்னதான் பண்றது?"

கீப்அலைவ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பேச்சு இல்லாத நேரத்தில் இந்தப் பக்கத்து ரவுட்டர் அந்தப் பக்கத்தை அவ்வப்போது 'இருக்கியா?' என்று கேட்கும், அவ்வளவுதான்.

அவள் திரையைப் பார்த்தேன். கறுப்பு ஜன்னலில் பிங் ஓடிக்கொண்டிருந்தது; அந்தப் பக்கம் பதில் வருகிறதா என்று நாமே தட்டிப் பார்க்கிற சின்னத் தட்டல். நாங்கள் எல்லோரும் செய்வதுதான்: டனலைக் கண்காணிக்கிறோம் என்று ஓயாமல் பிங் அனுப்பிக்கொண்டே இருப்பது.

"ஏன் புள்ள, அதைக் கொஞ்சம் சும்மா விடேன்! கண்ணு வலிக்குது."

அவள் கால் ஆட்டம் நின்றது.

"ஐயோ! நான்தான் அதைத் தூங்க விடாம வெச்சிருக்கேன்!"

விஷயம் அதுதான். ஸ்கேன் சென்டரில் இருக்கும் மோடம், பேச்சில்லாத இணைப்பைச் சீக்கிரமே மறந்துவிடும். இவள் வைத்த கீப்அலைவ் கேட்பதற்குள் அது மறந்து முடித்திருக்கும். இவளுடைய பிங் அந்தக் குறையை மூடி மறைத்திருக்கிறது. விறுவிறுவென்று இரண்டு பக்கமும் கீப்அலைவ் கேட்கும் இடைவெளியைக் குறைத்தாள்.

இனி ஒரே சோதனைதான். மதியம் முழுக்க அதைத் தொடக்கூடாது. எஸ்தரால் ஆகிற காரியமா? லேப்டாப்பையும் போனையும் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு அவளைக் கீழே சாயாக் கடைக்கு இழுத்துப் போனேன். வடாபாவைத் தின்னாமல் தட்டில் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். ஆலந்தி ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் முறைத்தாள்.

"விழுந்திருக்கும் வள்ளி. எனக்குத் தெரியும்."

"வாயை மூடு."

சொன்னேனே தவிர, நானும் கடைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பைக்குள் போன் அடித்தது. ஸ்கேன் சென்டர் ருக்மிணி. எஸ்தர் கை நீட்டவில்லை. நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எஸ்தர்க்கா? இப்பதான் ஒருத்தர் வந்தாங்க. ரொம்ப நேரமா இங்க ஆளே இல்ல. படம் எடுத்த உடனே போயிடுச்சு. டாக்டரும் பாத்துட்டாராம்."

எஸ்தர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. பிய்த்துப்போட்ட வடாபாவைப் பொறுக்கி அவள் கையில் திணித்தேன். தின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"வள்ளி... ஒரே ஒரு பிங் போட்டுப் பாக்கட்டா?"

பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.