ஒன்றாம் நம்பர் வீடு: நன்று

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் முப்பத்திரண்டு வீடுகளிலும் வேலுசாமி என்றால் ஒரு பயம் உண்டு. அந்த வேலுசாமி நான்தான். பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ‘மீட்டர் மாமா’ என்று சிரித்தது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். நட்டையும் போல்ட்டையும் திருப்பி அனுப்பிப் பழகிய கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க மறுத்தது. அப்போதுதான் எங்கள் பொது போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் என்று தெரியவந்தது. பெரிய சுத்திகரிப்பு மெஷின் வைக்க இடமில்லை. வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மாட்டி, பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே பார்த்துக்கொள்வது என்று முடிவானது. யார் பொறுப்பு என்று கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன்.

விதிகளையும் நானே எழுதினேன். மாதம் ஒருமுறை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் மீட்டரோடு வீட்டுக்குள் வருவேன், யாரும் தடுக்கக் கூடாது. மெஷினில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. திருகினால் போர்வெல் தண்ணீர் கொஞ்சம் கலந்து, ருசி கூடும். அதைத் தொட்டால் வாசலில் சிவப்பு அட்டை. அட்டை தொங்கும்வரை அந்த வீட்டுக் குழாயில் குடிக்கக் கூடாது.

முதல் அட்டை ஒன்பதாம் நம்பர் டில்லிபாபுவுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். “இன்னா அண்ணாத்தே, தண்ணி சப்புனு கீது, சோறே எறங்கல. லேசாத்தான் திருவினேன்” என்றான். தெருவே கேட்கும்படி அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். ஒரு வாரம் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கினான்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒரே கேள்வி கேட்டான். “எல்லா ஊட்டாண்டயும் மீட்டர் வச்சிப் பாக்குறியே, உன் ஊட்ல பாத்தியா?”

பார்க்கவில்லை. பதிவேட்டில் முதல் வரியாக ‘ஒன்றாம் நம்பர் வீடு: நன்று’ என்று எழுதிவிட்டுத்தான் மாதாமாதம் கிளம்புவேன். பரிசோதகன் வீட்டுக்குப் பரிசோதனை எதற்கு? கோபத்தில், “எல்லா வீட்டுத் தண்ணியையும் லேபுக்கு அனுப்புங்க, என் வீட்டையும் சேர்த்து!” என்று கத்தினேன். சங்கத் தலைவி அனுசுயா அப்படியே செய்துவிட்டார்.

பத்து நாளில் அறிக்கையோடு என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தொரு வீடு சரி. ஒன்றாம் நம்பரில் நைட்ரேட் அளவுக்கு மேல்.

“மெஷின் கெட்டுப்போச்சா?” என்று ஆரம்பித்தவனுக்கு, பாதியில் ஞாபகம் வந்தது. காபி சப்பென்று இருக்கிறது என்று தீபாவளி சமயத்தில் நானே ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகியிருந்தேன். டில்லிபாபு திருகினால் குற்றம், நான் திருகினால் அட்ஜஸ்ட்மென்ட்.

பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் சௌம்யா புட்டிப்பாலோடு நின்றிருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம். “கொதிக்க வெச்சுத்தானேப்பா பவுடர் கரைச்சேன்?” என்றாள்.

“கொதிச்சா கிருமிதான் சாகும்மா, நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குத்தான் அது ரொம்ப ஆகாது” என்றார் அனுசுயா.

சௌம்யா பாலை சிங்க்கில் கொட்டினாள். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. அன்றே டாக்டர் பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, தண்ணீரை உடனே மாற்றுங்கள் என்றார்.

வீடு திரும்பியதும் சிவப்பு அட்டையை என் வாசலில் நானே கட்டினேன். ‘குடிக்காதீர்’ என்பதற்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

திரும்பினால் டில்லிபாபு, தோளில் கேனோடு. தன் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“உனக்கு இல்ல அண்ணாத்தே, கொயந்தைக்கு” என்று கேனை இறக்கினான். “அப்டியே உள்ள எடுத்துனு பூடாத. மொதல்ல மீட்டர் வச்சிப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து, முதல் வரியை அடித்துவிட்டு எழுதினேன்: ஒன்பதாம் நம்பர் வீடு, நன்று.