ஊதாப் புகை

மனைவி இறந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. விடிந்ததும் காரின் முன்மூடியைத் திறந்து, என்ஜின் எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்க்கிறேன். காபி குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை. ஓடாத வண்டியில் எண்ணெய் எரியாது என்பதை அறியாதவனல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் அந்தப் பழைய காரை எடுத்துக்கொண்டு ஒருநாள் தேவிபட்டினம், ஒருநாள் ஏர்வாடி என்று போகிறேன். போய்ச் சேர்ந்ததும் இறங்காமலே திரும்பிவிடுகிறேன்.

இந்த அலைச்சலில் எண்ணெய்ச் செலவு கூடிவிட்டது. ராமநாதபுரத்தில் எங்கள் காரை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக், குச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இது பெட்ரோல்ல ஓடுதா, ஆயில்ல ஓடுதா?"

"என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்குமா?"

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா என்ஜினை இறக்கி, மதுரைக்கு அனுப்பி, போர் பண்ணணும். வால்வு சீல் போயிருந்தா இங்கனயே மாத்திரலாம். புகை எப்ப வருது? ஏறும்போதா, இறங்கிட்டு மிதிக்கும்போதா?"

எனக்குத் தெரியவில்லை.

"நம்ம சீமையில மேடுன்னா பாம்பன் பாலந்தான். ஏறி இறங்கிப் பாருங்க. அம்மாதான் சரியாப் பாத்துச் சொல்லுவாக..."

பாதியில் நிறுத்திவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

சாலையோடு தாழ்ந்து படரும் புகை நடுக் கண்ணாடியில் தெரியாது. இடப்பக்கக் கண்ணாடியை, பக்கத்தில் உட்காரும் என் மனைவி தன் கண்ணுக்கேற்பத் திருப்பி வைத்திருந்தாள். புகையைக் கவனிப்பது அவள் வேலை.

"வந்துருச்சு. ஊதா."

"நீலம்," என்பேன்.

"நீலமெல்லாம் உங்க புஸ்தகத்துல. எங்க ஊருல இது ஊதா."

எந்த இடத்தில் வைத்துச் சொன்னாள் என்பது நினைவில் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. அவள் போன பின்னும் அந்தக் கண்ணாடியை நான் தொடவில்லை. என் இருக்கையிலிருந்து பார்த்தால் அதில் சாலையோரக் கருவேல மரங்கள் மட்டுமே ஓடும்.

என்ஜினைப் பிரிக்க எனக்கு மனமில்லை. துளையைப் பெரிதாக்கி, புது பிஸ்டன் போட்டால் சத்தம் மாறிவிடும். தெருமுனையில் கேட்டதுமே வாசற்கதவைத் திறக்க அவள் எழுந்துவந்த சத்தம் அது.

மண்டபம் தாண்டி, பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன். புகையைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியைத் திருப்பியாக வேண்டும். வேறு வழி உண்டா என்று யோசித்தபடி இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். பின்னால் வந்த யாத்திரைப் பேருந்தின் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார்.

"என்ன பெரியவரே, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளச் சொல்லவா? உள்ள எல்லாரும் சும்மாதான் உக்காந்திருக்காக."

வேண்டாமென்று தலையசைத்தேன். பேருந்து நகர்ந்ததும் கண்ணாடியைத் திருப்பினேன். உப்புக்காற்றில் துருவேறிய மூட்டு ஒருமுறை முனகிவிட்டு அசைந்தது.

ஏற்றத்தில் ஒன்றுமில்லை. உச்சியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாக இறங்கியது. இறக்கம் முடிந்த இடத்தில் மிதித்தேன். கண்ணாடிக்குள் ஒரு கொத்துப் புகை எழுந்து, காற்றில் சாய்ந்து கலைந்தது.

பாம்பனில் நிறுத்தி மெக்கானிக்கை அழைத்தேன்.

"ஏறும்போது இல்லை. இறங்கிட்டு மிதிக்கும்போதுதான் வந்தது."

"அப்ப சீல்தான் சார். என்ஜினை இறக்க வேணாம். என்ன கலர்ல வந்துச்சு?"

"ஊதா," என்றேன்.

திரும்பும் முன் கண்ணாடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றேன். அவளுடைய இருக்கையில் உட்கார்ந்து, குனிந்து, சரிந்து, அவள் கண் இருந்திருக்கக்கூடிய உயரத்தைத் தேடினேன். பிடிபடவில்லை. என் இருக்கையிலிருந்து பார்க்கும்போது கருவேல மரங்கள் தெரிந்தால் அதுவே சரியான கோணம் என்று கணக்கிட்டு, மறுபக்கம் வந்து அமர்ந்து பார்த்தேன். பாம்பனில் அந்த இடத்தில் கடல்தான் இருந்தது.