நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிஷம்

அந்தச் சக்கரத்தை முதன்முதலில் வாயால் ஊதித்தான் சுற்றவைத்தேன்.

கடற்கரைச் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடை. கப்பல்களில் கழித்துப்போட்ட வால்வு, குழாய், சங்கிலி என்று குவிந்து கிடக்கும். மீன்பிடி விசைப்படகுகளுக்கு எஞ்சின் பொருத்துகிற பட்டறையில் எனக்கு வேலை. டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தது. செம்பு வாஷர் தேடிக் கடைக்குப் போனவன், நத்தைக்கூடு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தேன். பெரிய தேங்காய் அளவு இருக்கும். ஏதோ ஒரு கப்பலின் சின்ன டீசல் எஞ்சினில் இருந்த டர்போ. பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. மணலைத் தட்டினேன், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன், ஊதினேன். உள்ளே சக்கரம் சுற்றியது. மூச்சு முட்டி நிறுத்தினேன். அது நிற்கவில்லை. நான் மறுபடி மூச்சை இழுத்து விடுகிற வரைக்கும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னலே ஊதுத, நாதஸ்வரமா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

எனக்குக் காதில் விழவில்லை. ஒரே தண்டில் இரண்டு சக்கரம். எஞ்சின் துப்புகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றினால், மறு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்கே திருப்பி ஊட்டும். வாலில் வீணாய்ப் போவதை வாயில் கொடுக்கிற வேலை. கப்பலில் செய்கிறார்கள். அத்தானுடைய காரில் ஏன் செய்யக் கூடாது?

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். மில்லர்புரத்தில் வீடு, உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சி அடுக்குகிற கிட்டங்கி. தினமும் முப்பது மைல் போய் முப்பது மைல் வருவார். கார் சின்னது, பழையது, ரெண்டாவது கியரிலேயே பெருமூச்சு விடும். நான் கெஞ்சியதற்கு அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "செய்யி மாப்ளே, இதுக்கு மேல கெட்டுப்போக அதுல என்ன இருக்கு?" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை.

மூன்று மாதம், ஞாயிறு ஞாயிறாக. கார்புரேட்டரை இடம் மாற்றி, புகைக்குழாயை வெட்டி ஒட்டி, டர்போ பேரிங்குக்கு எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக் குழாயில் எண்ணெய் கொண்டுபோய். முதல் தடவை திருச்செந்தூர் ரோட்டில் ஓட்டிய அன்று, உப்பளம் தாண்டியதும் மிதித்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அமுக்கினார்கள். உப்புக் குவியல்கள் பின்னால் ஓடின. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் பட்டறை முதலாளியிடம் சொன்னேன். மணப்பாட்டுக்காரர். அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நிதானமாகக் கேட்டார்.

"வேகமாப் போவுது, சரி. எத்தனை நாளு போவும்?"

கப்பல்காரர்கள் விட்டுப்போன வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகள் சில என்னிடம் இருந்தன. சின்ன எஞ்சினுக்கு டர்போ வைத்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள், எல்லாம் முதல் நாள் வேகம். மூன்றாம் வருஷம் அந்த எஞ்சின் என்ன ஆனது என்று நான் தேடின பக்கங்களில் ஒருவரும் எழுதவில்லை.

"காரு வழியில நின்னா எறங்கித் தள்ளலாம்," என்றார் முதலாளி. "கடல்ல பத்து மைல் வெளிய போட்டு நின்னா யாருலே எறங்கித் தள்ளுவா, நீயா? ஒரு வருஷம் ஓட்டு. அன்னன்னைக்கு நோட்டுல எழுது. அது சரியா இருந்தா ஒரு போட்டு எஞ்சினு தாரேன், உன் நத்தையை அதுல வையி."

டர்போவுக்கு நத்தை என்று பெயர் வைத்தவர் அவர்தான். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் தாங்குவதற்கு நத்தை கேட்பது ஒன்றே ஒன்று. வேகமாக ஓடி வந்த எஞ்சினைச் சட்டென்று அணைக்கக் கூடாது. அணைத்தால் எண்ணெய் பம்பும் நின்றுபோகும். ஆனால் நத்தை கொதிக்கிற சூட்டில் இருக்கும், சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். பேரிங்கில் தங்கின எண்ணெய் அங்கேயே கருகிவிடும். இதை அத்தானுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவர் தொழிலிலேயே சொன்னேன்.

"பாகு பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணைச்சிட்டு, ஒடனே துடுப்பை எடுத்திருவாங்களா அத்தான்?"

"எடுத்தா அடி புடிச்சிரும்லா. சட்டி சூடு எங்க போவும்? கிண்டிக்கிட்டே இருக்கணும்."

"அதே கததான். வண்டியை நிறுத்துனதும் சாவியைத் திருப்பாதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா மெதுவா ஓடட்டும். அதுதான் கிண்டுதது."

"ரெண்டு நிமிஷந்தானே மாப்ளே. ஒரு வெத்தல போடுத நேரம்."

நோட்டில் நானே கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, மைல், எண்ணெய் மட்டம், கடைசியாக 'நிறுத்துமுன் 2 நிமிஷம்'. அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் போதும். படகு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பெரிய சோதனை என்று தெரிந்தால் பதனமாக ஓட்டுவார், சாதாரணமாக ஓட்டினால்தான் உண்மை தெரியும் என்பது என் கெட்டிக்காரத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் நோட்டு, அப்புறம்தான் சாப்பாடு. ஊதா மையில் அத்தானின் கையெழுத்து. டிக், டிக், டிக். ஒருநாள் அக்கா மீன் வறுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏலே, நல்ல எஞ்சினாத்தான் செஞ்சிருக்க. முன்னால எல்லாம் தெரு முனையில வரும்போதே தடதடன்னு கேக்கும். இப்போ உங்க அத்தான் வந்து கதவைத் தட்டுனாத்தான் ஆள் வந்ததே தெரியுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. புகையின் சத்தத்தைச் சக்கரம் தின்றுவிடும் என்று விளக்கம் வேறு சொன்னேன். தட்டில் இன்னொரு துண்டு மீன் விழுந்தது.

பத்து மாதம் ஓடியது. முதலாளி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "ஒரு நாளுகூட விடலையேலே. உங்க அத்தானைப் பிடிச்சுக் கோயில்ல உபதேசியாராப் போடலாம்." ஈஸ்டர் கழிந்ததும் ஒரு படகு எஞ்சின் தருவதாக ஒப்புக்கொண்டார். எந்தப் படகு, யார் யார் அதில் போகிறவர்கள் என்றுகூடக் காட்டினார். நான்கு பேர். ஒருவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். அன்றைக்கே அதற்கான இரும்புத் தாங்கியை வரைந்து முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு லாரி டிரைவர் பட்டறை வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார், ஆத்தூர்ப் பாலம் தாண்டி உங்கள் கார் நிற்கிறது என்று. பஸ் பிடித்துப் போனேன். வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் கார். புகைக்குழாயிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"உன் நத்தை செத்துப்போச்சு மாப்ளே."

லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நத்தையைத்தான் மனதுக்குள் திட்டினேன். உனக்கு என்ன குறை வைத்தேன்? கேட்ட எண்ணெய் தந்தேன், கேட்ட இரண்டு நிமிஷம் தந்தேன். படகு கைக்கு வருகிற நேரத்தில்தானா கழுத்தறுக்க வேண்டும்?

மறுநாள் காலை அக்கா வீட்டுப் பின்கட்டில் நத்தையைப் பிரித்தேன். தண்டு வெளியே வரவில்லை. மரத்துண்டு வைத்துத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. பேரிங் முழுக்கக் கறுப்பாக, கெட்டியாக, கண்ணாடி மாதிரி ஒரு பொருக்கு. அத்தான் குனிந்து நகத்தால் சுரண்டினார். பழக்க தோஷம், மூக்குக்குக் கொண்டுபோனார்.

"தீய்ஞ்சிருக்கு," என்றார். "அடி புடிச்ச வாடை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற பொருக்கு இல்லை அது. மாதக்கணக்கில் தினமும் கருகியிருந்தால்தான் அவ்வளவு. நோட்டோ ஒரு நாள் தவறாமல் டிக். முதல் தடவையாக ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். கார்த்திகை மழையில், கார்புரேட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று கழற்றி, ஒரு சின்னச் சாமானைத் தொலைத்துவிட்டு, காரை இரண்டு நாள் நகரவிடாமல் போட்டிருந்தேன். அந்த இரண்டு தேதிக்கும் அறுபது மைல், எண்ணெய் மட்டம் சரி, டிக்.

"அத்தான், இந்த ரெண்டு நாளும் கார்புரேட்டரு எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில கெடந்துச்சு."

அவர் எட்டிப் பார்த்தார். "ஓ. அந்த மழையா," என்றார்.

"எத்தனை நாள் அந்த ரெண்டு நிமிஷம் விட்டீங்க?"

"மொத ஒரு வாரம் சரியாச் செஞ்சேன் மாப்ளே, பொய் சொல்லல. அப்பொறம் பெட்ரோல் விக்கிற விலையில, நிக்கிற வண்டியில எரிக்க மனசு வரல. தேரி மணல்மேட்டு எறக்கத்துல அணைச்சு நியூட்ரல்ல விட்டா உடன்குடி பஜாரு வரைக்கும் உருளும். இங்கன மெயின் ரோட்டுல அணைச்சா வாசலுக்கே கொண்டாந்து விட்டுரும். எல்லாரும் செய்யுததுதானே?"

தெரு முனையில் சத்தம் கேட்காதது. கதவைத் தட்டினால்தான் ஆள் வந்தது தெரிவது. நான் அதற்கு விளக்கம் சொல்லி ஒரு துண்டு மீன் வாங்கித் தின்றிருக்கிறேன்.

"செய்யலன்னா செய்யலன்னு எழுத வேண்டியதுதானே. டிக் எதுக்குப் போட்டீங்க?"

"நீ வந்ததும் மொதல்ல அந்த நோட்டைத்தானே எடுக்க. இல்லன்னு போட்டிருந்தா மொகம் வாடிப்போவும். சனிக்கிழமை சனிக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் போட்டுருவேன். ஒரு டிக்குதானேன்னு..."

என்மேல் கோபம் வைத்துச் செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் என்னை ஏமாற்றுவதற்கு ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை. பொம்மை வைத்து விளையாடுகிற பிள்ளைக்கு, 'ஆமா, உன் ரயில் மெட்ராஸ் போயிட்டு' என்று சொல்வோமே, அப்படிச் சொல்லியிருக்கிறார், பத்து மாதமாக. அதை நான் பட்டறையில் கொண்டுபோய் விரித்திருக்கிறேன்.

"இதை நம்பி நாலு பேரு கடலுக்குப் போயிருப்பாங்க அத்தான்," என்றேன். படகு விஷயத்தை அப்போதுதான் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "போட்டா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே," என்றார்.

சொல்லவில்லைதான். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அக்கா வாசல் வரைக்கும் வந்து, "ஏலே, என்னலே ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டது முதுகில் கேட்டது.

முதலாளியிடம் மறைக்கவில்லை. கருகின தண்டையும் நோட்டையும் மேசையில் வைத்துச் சொன்னேன். நோட்டைத் தொடாமல் தண்டை மட்டும் எடுத்துப் பார்த்தார். "போட்டை மறந்துரு," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று வாரம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. வரைந்த தாங்கியைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். ஒரு சாயங்காலம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகுக்கு வால்வு மாற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். படகுகள் திரும்புகிற நேரம். முதல் படகு வந்தது. துறைமுகச் சுவருக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போதே எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. படகு ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து, ஒட்டினாற்போல் நின்றது. அடுத்த படகும் அப்படியே. எனக்குக் கையசைத்தவர் இருந்த படகும் அப்படியே. வரிசையாக ஒரு பத்துப் படகு எண்ணினேன். இரண்டு நிமிஷம் யாரும் ஓடவிடவில்லை.

தினமும் பார்க்கிற காட்சி. அந்தப் படகுகளில்தான் நத்தையை வைக்கப்போனேன், ஒரு நோட்டையும் கொடுத்து.

அத்தான் டிக் போட்டதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு டிக். மன்னிக்கவில்லை. ஆனால் அவர் காரை ஓட்டிய விதத்தில் பொய் இல்லை. பெட்ரோல் போட்டு ஓட்டுகிற எவனும் அப்படித்தான் ஓட்டுவான். அந்த ஓட்டத்துக்குத் தாங்காத எஞ்சினை நான்தான் செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு கெட்ட யோசனை வந்தது. எஞ்சின் நின்ற பிறகும் கார்ச் சக்கரம் சுற்றினால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு மீட்டர், அவருக்குத் தெரியாமல். இரண்டு நாள் அதையே வரைந்தேன். அப்புறம் கிழித்துப் போட்டேன். அத்தான் பொய் சொல்கிறாரா என்று அறிந்து நத்தைக்கு என்ன லாபம்?

இப்போது என் மேசையில் ஒரு பித்தளை உருளை இருக்கிறது. அதே இரும்புக் கடையில் கிடைத்தது, கால் படி பிடிக்கும். எஞ்சின் ஓடும்போது பம்ப் இதற்குள் எண்ணெயை ஏற்றும், மேலே உள்ள காற்று அமுங்கிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் அந்தக் காற்று எண்ணெயைக் கீழே தள்ளும், நத்தையின் பேரிங்குக்கு மட்டும். திரும்பி எஞ்சினுக்குப் போகாமல் இருக்க, வழியில் ஒரு சைக்கிள் பேரிங் குண்டை அடைப்பாக வைத்திருக்கிறேன். நேற்று சோதித்ததில் ஒரு நிமிஷத்துக்குள் உருளை காலியாகிவிட்டது. துளையைச் சிறிதாக்க வேண்டும். தண்டைக் கடைசலில் கொடுத்து மெருகேற்றியாயிற்று, புதுப் பித்தளை பேரிங் போட்டாயிற்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் இதை மாட்டப்போகிறேன். அத்தானிடம் எப்போதும்போல் ஓட்டுங்கள் என்பேன், அதற்கு மேல் பேச இன்னும் வாய் வரவில்லை. நோட்டுக் கிடையாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நானே பிரித்து, பேரிங்கை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். திங்கட்கிழமை சாயங்காலம், அவர் வருகிற நேரத்துக்கு, மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிற தெரு முனையில் நிற்க வேண்டும். அவர் அங்கேதான் சாவியைத் திருப்புவார். கார் ஓசையில்லாமல் என்னைத் தாண்டி உருளும்போது, உள்ளே சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.