மானியம் வாங்கித் தந்த படையல்

என் கணவருக்கு ஆராய்ச்சி மானியம் கிடைத்த கதையைப் பல பேர் பல மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற விருந்தில் சொன்னார்கள். அவர் படத்துக்கு மாலை போட்ட அன்றும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். விடாமுயற்சி என்றார் ஒருவர், கொடுப்பினை என்றார் இன்னொருவர். நான் வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்பது மலாக்கா முழுக்கத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதை அடக்கியே வைத்திருந்தேன். ஆளே போன பிறகு இனி அடக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவர் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவார். பையில் அழுக்குத் துணி பாதி, புத்தகம் பாதி. 'தற்காலிகம்' என்ற அந்தச் சொல்தான் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

வேலை நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் ஆராய்ச்சி செய்து கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் மானியமும் விடுப்பும் வேண்டும். மானியமும் விடுப்பும் வேண்டுமென்றால் வேலை நிரந்தரமாகியிருக்க வேண்டும். இந்தச் செக்கில்தான் அவரைக் கட்டி ஓட்டினார்கள். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் ஆராய்ச்சி விடுப்பு என்று கப்பலேறிப் போவார்கள். அவர்களுடைய வகுப்புகளையும் சேர்த்து இவர் எடுப்பார். நாடு நம் கைக்கு வந்துவிட்டது, இனி நம் ஆட்களுக்குத்தான் இடம் என்று பேப்பரில் எழுதினார்கள். எழுதினவன் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அவர் போட்ட மனுக்கள் திரும்பி வந்தன. ஆள் பாதியாகிப் போனார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அப்போதுதான் ஒரு மாநாட்டுத் தேநீர் வேளையில் அந்தச் செய்தி வந்தது. கடல் கடந்த ஓர் அறக்கட்டளை உள்ளூர் விரிவுரையாளர்களுக்கென்றே மானியம் தரப்போகிறது, தற்காலிகமானவர்களும் மனுப் போடலாம். உள்ளூர் மக்களைப் பற்றிய ஆய்வாக இருக்க வேண்டும். அவர்களுடைய பிரதிநிதி ஒருவர் நேரில் வந்து களத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். அந்தச் சனிக்கிழமை அவர் பஸ் நிறுத்தத்திலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தார்.

"களம் எங்கயோ இல்ல. நம்ம வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கு" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு செட்டிக் குடும்பம். காஜா பெராங்கில் செட்டி என்றால் வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. சாமி நம் சாமி, நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே பொங்கல், அக்கா, கோயில் என்று நம் சொற்கள் தலைகாட்டும்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. கணவர் வாரம் ஒருமுறை மட்டுமே வருகிற எனக்கு, பேச்சுத் துணை அவள்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் தமிழும் மலாயும் கலந்து கொட்டுவேன், அந்தப் பக்கம் அவள் மலாயில் பதில் சொல்வாள். எனக்கு ஜுரம் என்றால் கஞ்சி அங்கிருந்து வரும். பச்சை மாவு உருண்டைக்குள் பனைவெல்லம் வைத்து ஒண்டே-ஒண்டே செய்வாள். கடித்தால் வெல்லம் வாய்க்குள் உடையும். அதைத் தட்டில் வைத்து வேலி ஓட்டை வழியாக நீட்டுவது அவள் மகன். ஐந்து வயது. நீட்டுவதற்குள் பாதி தின்றிருப்பான்.

அவன் அந்த வருட அடைமழையில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டான். கடைசி நாட்களில் தண்ணீர்கூட இறங்கவில்லை. பசிக்கிறது பசிக்கிறது என்று வாயைத் திறந்து காட்டுவானாம். கொடுத்தால் விழுங்க முடியாது. அவள் அழும்போதெல்லாம் செத்துப் போனதைச் சொல்லி அழவில்லை. பட்டினியாகப் போனான் என்பதைச் சொல்லித்தான் அழுதாள். அதை என்னால் காதுகொடுத்துக் கேட்க முடியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று அவர்கள் வீட்டில் முன்னோர்க்குப் படையல் போடுவார்கள். இறந்தவர்களுக்கு இலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறி, சாம்பிராணி போட்டு அழைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பேசக்கூட மாட்டார்கள். வீட்டுக்குப் பெரியவர் கதவைத் தட்டிவிட்டுத் திறந்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போவார்கள். இடையில் கலைத்துவிட்டால் வந்தவர்கள் பசியோடு எழுந்து போய்விடுவார்கள் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அந்த வருடம் பையனுக்கும் ஓர் இலை, முதல் இலை.

"இந்தத் தடவை சாப்பிட்டுடுவான் அக்கா. இப்போ தொண்டை வலிக்காது இல்ல?" என்று அவள் மலாயில் சொன்னாள். போகிக்கு ஒரு வாரம் முன்பே பனைவெல்லம் வாங்கி வந்து வைத்துவிட்டாள்.

என் கணவருக்கும் அந்தப் போகிதான் வேண்டியிருந்தது. அறக்கட்டளைப் பிரதிநிதி வருவதும் அதே வாரம். நான் வேண்டாம் என்றேன். ஒரு சனி ஞாயிறு முழுக்க இதே சண்டை. "புள்ளைய பறிகொடுத்த வீடுங்க அது. உங்க ஆராய்ச்சிக்கு வேற வீடே கிடைக்கலயா?" என்று கேட்டேன். "வேற எந்த வீட்ல நம்மள உள்ள விடுவாங்க?" என்றார். அதுவும் உண்மைதான். என்னோடு பழகிய பழக்கத்துக்காகத்தான் அந்த வாசல் திறந்திருந்தது.

அவரே நேராகப் போய் அவளுடைய கணவரிடம் கேட்டார். அந்த மனிதர் நகராட்சியில் குமாஸ்தா. அதட்டிப் பேசத் தெரியாதவர். மனைவியைக் கேட்டுவிட்டு வந்து சம்மதம் என்றார், ஒரே ஒரு நிபந்தனையோடு. சமையலைப் பார்க்கலாம், இலை போடுவதைப் பார்க்கலாம், கதவு சாத்தினால் எல்லோரையும்போல வெளியே நிற்க வேண்டும். திறந்த பிறகு எவ்வளவு படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் கணவர் நெஞ்சில் கைவைத்து ஒப்புக்கொண்டார். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாததும் இல்லை. மனுவோடு அனுப்பிய கட்டுரையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். நான்தான் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

அறக்கட்டளையிலிருந்து வந்த துரை நல்ல மனிதராகவே தெரிந்தார். உயரமான ஆள், வேர்த்துக் கொட்டியது. வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சமையற்கட்டில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று இரவு விருந்துக்கு அவர் கோலாலம்பூரில் இருக்க வேண்டும். தெருவில் கார் காத்திருந்தது. படையலோ தாமதமாகிவிட்டது. அவள் ஒண்டே-ஒண்டேயைக் கடைசியில்தான் கொதிநீரில் போட்டாள், சூடாக வைக்க வேண்டும் என்று. வெயில் சாயத் தொடங்கியபோதுதான் இலைகள் நிரம்பின. ஓரத்தில் இருந்த சின்ன இலையை அவள் தானே பரிமாறினாள். ஒவ்வோர் உருண்டையையும் இரண்டாகப் பிட்டு வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினார்கள். நாங்கள் முன்பக்கம் பாயில் உட்கார்ந்தோம். அவள் என் பக்கத்தில். துரையும் என் கணவரும் முற்றத்தில் நின்றார்கள். துரை கடிகாரத்தைப் பார்ப்பதும் குனிந்து ஏதோ கேட்பதும் தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். கிணற்றைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சாத்திய கதவுக்கு அடியில் பளீரென்று ஒரு வெளிச்சம் வந்து போனது.

அவள் என் கையைப் பிடித்தாள். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பிள்ளை போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் பார்த்ததில்லை. "டா டத்தாங், அக்கா" என்றாள். வந்துட்டான் என்கிறாள். கண்ணில் நீர் வழிய, சத்தம் வராமல் சிரித்தாள். மறுபடியும் அந்த வெளிச்சம். அவள் என் கையை இன்னும் இறுக்கினாள். அது பிளாஷ் பல்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் எப்படிச் சொல்வேன்? எழுந்து பின்பக்கம் ஓடினால் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய கணவர் முறைப்படி கதவைத் தட்டித் திறந்தார். சின்ன இலைக்கு முன்னால் துரை ஒற்றைக் காலை மடித்து உட்கார்ந்து கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். காலில் சப்பாத்து. சமையற்கட்டு வாசலில் என் கணவர் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது ஆடாமல் இருப்பதற்காக.

யாரும் கத்தவில்லை. துரைதான் முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்துப் போயிற்று. எழுந்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "தாக் ஆப்பா, துவான்" என்றாள். பரவாயில்லை, துரை என்று அர்த்தம். அந்த வீட்டில் விருந்தாளியிடம் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

படையல் சோற்றை வழக்கமாகக் குடும்பமே பங்குபோட்டுச் சாப்பிடும். அன்று ஒருவரும் தொடவில்லை. அவள் சின்ன இலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் ஒரு மனுஷனா?" என்று கேட்டேன்.

"அவருக்கு நேரமாச்சு. திறக்கலாமா, அவங்க தப்பா எடுத்துக்குவாங்களான்னு மரியாதையாத்தான் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்துக்க மாட்டாங்கன்னேன்." காலர் பொத்தானைக் கழற்றினார். "நான் எப்படி அவர்கிட்ட முடியாதுன்னு சொல்றது? சொல்லு. மூணாவது மனு இது. முடியாதுன்னா கார்ல ஏறிப் போயிடுவாரு. அவங்கதான் பரவால்லன்னு சொல்லிட்டாங்கல்ல?"

நான் அன்று சமைக்கவில்லை. அவர் வெறும் வயிற்றோடு படுத்துக் காலைப் பஸ்ஸுக்குப் போனார். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் கழுத்தும் காலரும் தெருமுனை திரும்புவதைப் பார்த்தபோது அவரை நினைத்தும் அழுகை வந்தது. முடியாது என்ற ஒரு சொல்லை வெள்ளைக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. அவர் அப்பாவுக்கும் வராது, என் அப்பாவுக்கும் வராது. கொடி மாறியதோடு நாக்கும் மாறிவிடுமா என்ன?

மானியம் வந்தது. ஒரு வருட விடுப்பு, பயணப்படி, தட்டச்சுக்கு ஆள். அதன் பிறகு வேலையும் நிரந்தரமாயிற்று. பல்கலைக்கழகத்தில் ஆய்வரங்கம் நடத்தி அவரைப் பேச வைத்தார்கள். மனைவிமாருக்கு முன்வரிசையில் நாற்காலி. விளக்குகளை அணைத்துவிட்டுச் சுவரில் படம் காட்டினார்கள். அந்தச் சின்ன இலை ஆள் உயரத்துக்குச் சுவரில் வந்து நின்றது. பிட்டு வைத்த உருண்டைகளிலிருந்து வெல்லம் வழிந்திருந்தது. ஒருவர் எழுந்து, இந்த இலை ஏன் சிறிதாக இருக்கிறது என்று கேட்டார். என் கணவர், "அது அண்மையில் இறந்த ஒரு குழந்தைக்கு உரியது. குழந்தை வந்து உண்பதாக அவர்கள் நம்புகிறார்கள்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை. கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன்.

அவள் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எதிரே பார்த்தால் சிரிப்பாள், நலமா என்பாள், ஜுரம் என்று தெரிந்தால் கஞ்சி அனுப்புவாள். ஆனால் வேலியோரம் வந்து நிற்பதில்லை.

அடுத்த போகி முடிந்த மறுநாள், நானே வேலியருகே போய் நின்று அவளைக் கூப்பிட்டேன். படையல் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பி வந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"போட்டேன் அக்கா. பின்கதவுல நானே சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிட்டேன், யாரும் வராம. ரொம்ப நேரம் இருந்தேன். ஆனா அவன் சின்னப் பிள்ளை இல்லையா? சாப்பிட உட்கார்ந்தப்போ ஒரு தடவை பயமுறுத்திட்டோம். திரும்ப இந்த வீட்டுக்கு வருவானா?"