நடுக்கம்பி

எங்கள் வீட்டுக்குள் ஒரு பிள்ளை ஒளிந்திருக்கிறாள் என்று ஆறு வயதில் நான் உறுதியாக நம்பினேன். அதற்குக் காரணம் அப்பா செய்த ஒரு பெட்டி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னிக்கு மேற்கே டூங்கபியில் வாடகைக்கு இருந்தோம். அந்தத் தெருவில் தமிழ் கேட்கிற வீடு எங்களுடையது மட்டும்தான். ஊரில் சித்தி காய்ச்சலில் இறந்துபோனார் என்று தந்தி வந்து சில வாரங்கள் கழித்து, அதற்கு முன்பே அவர் கப்பல் தபாலில் அனுப்பியிருந்த கசெற் ஒன்று வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு அவர் ஒரே தங்கை. கசெற்றில் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கலியாணம், தையல்காரர் பழுதாக்கிய சட்டை, விலைவாசி, இப்படித்தான். நடுநடுவே, "அக்கா, கேக்குதோ?" என்று மட்டும் கேட்பார். குசினியில் நிற்கிற அம்மா ஒவ்வொரு முறையும் "ஓம்" என்பார்.

கசெற் ஓடிக்கொண்டே இருந்ததால் பற்றரிகள் களைத்துப்போயின. பற்றரி இறங்க இறங்கச் சித்தியின் குரல் இழுபட்டு, தடித்து, கடைசியில் கிணற்றுக்குள் இருந்து யாரோ கிழவர் முனகுவது போலாகிவிடும். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து நிறுத்துவார். அதைத் தாங்க முடியாமல்தான் அப்பா, சுவர் மின்சாரத்தில் இருந்து ஆறு வோல்ட் மட்டும் தருகிற பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பகலில் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவர். இரும்புத் தகட்டில் பூட்டிய மூன்று கால் ரெகுலேற்றரை எனக்குக் காட்டி, மின்சாரம் எவ்வளவு துள்ளினாலும் இவன் ஆறுக்கு மேல் போக விடமாட்டான் என்றார். தன் உத்தியோகத்தைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் பெட்டியைக் கசெற் ரெக்கோடரோடு கொழுவி, கசெற்றைப் போட்டார். வந்தது சித்தியின் குரல் அல்ல. ஒரு சின்னப் பிள்ளை மூச்சுவிடாமல் கதைத்தாள். மெல்லிய, கீச்சென்ற குரல். "அக்கா, கேக்குதோ?" என்று அவள் கேட்டபோது, வழக்கமாக ஓம் சொல்கிற அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அவசரமாக நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ரெகுலேற்றரின் நடுக்காலுக்குப் போகிற கம்பி கழன்றிருந்தது. அது இல்லாவிட்டால் அவனுக்கு எல்லை தெரியாது, வந்ததையெல்லாம் விட்டுவிடுவான், மோட்டர் தலைதெறிக்க ஓடும் என்று சொல்லிக்கொண்டே சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். மெல்லிய புகை எழுந்து யன்னல் பக்கமாகப் போனது. திரும்பப் போட்டபோது சித்தி பெரிய மனுசியாகவே கதைத்தார்.

"ஒருக்கா அந்தக் கம்பியைக் கழட்டி விடுங்கோவன்," என்றார் அம்மா. "பள்ளிக்கூடம் போகேக்கை அவள் இப்பிடித்தான் கதைக்கிறவள்."

"மோட்டர் எரிஞ்சுபோம். கசெற் நாடா அறுந்தா வேறை இல்லை," என்றார் அப்பா. அம்மா பிறகு கேட்கவில்லை.

நான் விளங்கிக்கொண்டது வேறு. பெட்டிக்குள் ஒரு பிள்ளை இருந்தாள். அப்பா சூட்டுக்கோலால் அவளைத் துரத்திவிட்டார். அவள் அந்தப் புகையோடு வெளியே வந்துவிட்டாள்.

வந்தவள் வீட்டை விட்டுப் போகவில்லை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து பின்படியில் ஏறும்போது உள்ளே அவளுடைய குரல் கேட்டது. எங்கள் தமிழில் கதைத்தாள். அம்மாவை அக்கா என்றாள். அம்மா பதிலுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தார். தந்தி வந்ததற்குப் பிறகு அம்மா சிரித்து நான் கேட்டதே இல்லை. கதவை மெல்லத் தள்ளினேன். கம்பிவலைக் கதவு கிறீச்சிட்டதும் குரல் அறுந்தது. உள்ளே அம்மா மட்டும் இருந்தார். பெட்டியின் மேல் ஒரு துணி கிடந்தது. சூடேறிய மணம் ஒன்று அறையில் நின்றது. யார் வந்தது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

அதற்குப் பிறகும் பல நாள் அவள் வந்தாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், அலுமாரிக்குள் தொங்கிய உடுப்புகளை விலக்கிப் பார்த்தேன். அவள் எப்படி இருப்பாள் என்பதை விட, அம்மாவை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்பதுதான் என் பெரிய பயம்.

ஒரு பின்னேரம் அப்பா சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய காதில் சொன்னேன். "நான் இல்லாத நேரம் ஒரு பிள்ளை வாறவள், அப்பா. அம்மாவை அக்கா எண்டு கூப்பிடுறவள்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சப்பாத்தோடு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். நடுக்காலில் ஈயம் இல்லை. கம்பி வெறும் கைவிரலால் முறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. குசினியில் அம்மா அரிசி கழுவுகிற சத்தம் நின்றது. அப்பா ஏதும் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் மூடியை மூடிவிட்டு மற்றச் சப்பாத்தைக் கழற்றினார்.

சனிக்கிழமை நகரத்துக்குப் போய்ச் சில சின்னச் சாமான்கள் வாங்கிவந்தார். பின்னேரம் முழுக்கக் கணக்குப் பார்த்து, நடுக்கம்பியின் வழியில் எதையோ சேர்த்து, பெட்டியின் பக்கத்தில் ஒரு சுவிட்ச் பூட்டினார்.

"மேலை தட்டினாக் குரல் கொஞ்சம் ஏறும். மோட்டர் தாங்கும்," என்றார் அம்மாவிடம். "கனநேரம் விடாதையும்."

அம்மா அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஓம் என்றார்.

அந்தச் சுவிட்ச் எதற்கு என்று அப்பாவைக் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்றார். அவளை உள்ளே வைத்துப் பூட்டத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். பயம் தெளிந்தது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நேரே போய் அந்தச் சுவிட்சைக் கீழே அழுத்துவேன். கதைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் குரல் பாதிச் சொல்லில் தடித்து, வளர்ந்து, சித்தி செத்துப்போன வயதுக்கு வந்து நிற்கும். அம்மா ஒருநாளும் என் கையைத் தடுக்கவில்லை.