மியூட்டில் வைத்த அறிவிப்பு

காரைக்காலில் எங்கள் அலுவலகத்துக்கு வயர் இல்லாத கான்ஃபரன்ஸ் போன் வந்ததும், அது என் தலையில் விழுந்தது. வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை. நண்டு மாதிரி காலைப் பரப்பிக்கொண்டு மேசை நடுவில் உட்கார்ந்திருக்கும். தினமும் காலையில் துபாய் கிளையோடு பேச்சு. சார்ஜ் ஏற்றுவது, லைன் போடுவது, வெளிச்சத்தம் வந்தால் மியூட்டை அமுக்குவது எல்லாம் என் வேலை. அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நம் பக்கத்துச் சத்தம் அங்கே போகாது.

சத்தத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை. ஏசி கெட்டு ஆறு மாதமாக ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. கீழே பஸ் ஹாரன், எதிரே பள்ளிவாசல் ஒலிபெருக்கி. மேனேஜர் முறைப்பதற்குள் அமுக்கிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

துபாயிலிருந்து பேசுகிறவர் எங்கள் ஊர்க்காரர். அங்கே போகுமுன் எட்டு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய உம்மா கையால் நோன்புக் கஞ்சி குடிக்காத ரமலான் எனக்குக் கிடையாது. அந்த அம்மா சில மாதங்களாகப் படுக்கையில் இருந்தார்.

அன்று பாய், புது வாடிக்கையாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாங்கள் அனுப்பப்போகும் அரிசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் மைக்கைத் தட்டும் சத்தம் வந்தது. என் விரல் தானாகப் போய் அமுக்கியது. மவுத் அறிவிப்பு, யாரோ இறந்துபோன செய்தி. தெருவின் பெயர் வந்தது, கணவரின் பெயர் வந்தது. பிறகு, இன்னாருடைய தாயார் என்று மகனின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் எங்கள் மேசை நடுவில் அரிசியின் ஈரப்பதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "பாவம், முடிச்சுரட்டும். பத்து நிமிஷந்தானே. இப்பச் சொன்னா எல்லாம் கெட்டுப்போவும்" என்றார். கூட்டத்துக்கு வரும்போது செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்பது துபாய் கிளையின் சட்டம். வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவரை எட்டாது. எட்டக்கூடிய ஒரே வழி என் முன்னால் இருந்தது.

"என்ன, அங்க சத்தத்தையே காணோம்? கேக்குதா?" என்றார் பாய்.

மியூட்டை எடுத்தேன். "கேக்குது பாய். சொல்லுங்க" என்றேன்.

மேனேஜருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடம் நாற்பது நிமிடமாக நீண்டது. பாய் நடுவில் ஒருமுறை சிரித்தார். ஊரே அறிந்துவிட்ட பிறகும் அவருக்கு மட்டும் உம்மா உயிரோடு இருந்தார். முடிந்ததும், வீட்டு மனிதர்கள் சொல்வதுதான் முறை என்று மேனேஜர் லைனைத் துண்டிக்கச் சொன்னார். துண்டித்தேன்.

செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு பாய் விமான நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். திருச்சி விமானத்துக்குக் கவுண்டரை மூடியிருந்தார்கள். கால் மணி முன்னால் வந்திருந்தால் ஏற்றியிருப்பார்களாம். அதில் வந்திருந்தால் இரவு இஷா தொழுகை வரை மய்யித்தை அடக்காமல் வைத்திருப்போம் என்று அவருடைய மச்சான் என்னிடம் சொன்னார். அடுத்த விமானம் இரவில்தான் என்றதும் அந்தி மஃரிபு தொழுகைக்குப் பின் அடக்கிவிட்டார்கள். பெற்றவளின் முகத்தை அவர் கடைசியாகப் பார்க்கவில்லை.

இப்போதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், எதிர்ப்பக்கம் யார் பேசினாலும் எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது. ஈரப்பதம், மூட்டை, கப்பல் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒருமுறை பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாம் நாள், உம்மாவுக்காக ஃபாத்திஹா ஓதும் அன்று அவர் வீட்டுக்குப் போனேன். பாய் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தணிந்த குரலில் கேட்டார்.

"நான் பேசிட்டிருந்தப்பத்தான் பள்ளில சொல்லியிருக்காங்க. ஆபீசுக்குக் கேக்கலியா தம்பி?"

"ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு பாய்."

"அதான பாத்தேன். காதுல விழுந்திருந்தா நீ சொல்லாம இருப்பியா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உம்மாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.