வெளிறிப்போன பன்னிரண்டாம் பாட்டில்

1. சேர்ந்த அன்று

யுனிவர்சிட்டி லேபில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலையை விட்டு நின்ற பிறகும் பாதிதான் விளங்கியிருக்கிறது. அதற்கு முன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பதினெட்டு வருஷம் குச்சிக்கு மருந்து முக்கினேன். ஃபேக்டரியை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

லேபில் கண்ணாடிக் கூரை போட்ட ஓர் அறை. தண்ணீர்த் தொட்டிக்குள் பன்னிரண்டு பாட்டில்கள். உள்ளே பச்சைப் பாசி. ஆராய்ச்சி மாணவி ஷமீமா விளக்கினாள்.

"யக்கா, மருந்துக்கூர்க்கன் கிழங்குல ஒரு மருந்துப் பொருள் இருக்குல்லா? அதைச் செய்யுத என்சைமை இந்தப் பாசிக்குள்ள வச்சிருக்கோம். பாசி வெயிலைப் பிடிக்கும். அந்த பவர்ல என்சைம் ஓடும்."

"கரண்டு வேண்டாமா?"

"வெயில்தான் கரண்டு."

தலையை ஆட்டிவைத்தேன். மறுபடி கேட்க வெட்கம்.

2. வேட்டி

பாட்டில் கழுவுவது, தொட்டித் தண்ணீர் மாற்றுவது, காலையும் மாலையும் சூட்டை ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. ஷமீமா பதினோரு மணிக்கு, சாம்பிளைச் சோதிக்கிற மிஷின் இருக்கிற கட்டடத்துக்குப் போனால் மூன்று மணிக்கு மேல்தான் வருவாள்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் பார்த்தால் பாசி மஞ்சள் பாரித்து நின்றது. எனக்குப் பதறிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கின குச்சிகளை அடுக்கிய சட்டம் வெயிலில் நின்றால் ஃபோர்மேன் வாயில் விழ முடியாது. அந்தப் பழக்கம். மறுநாளே வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கொண்டுவந்து பாட்டில்களுக்கு மேலே கட்டினேன். தினமும் பதினோரு மணிக்குக் கட்டுவேன், மூன்றுக்கு அவிழ்ப்பேன். வேட்டி பதினோரு பாட்டிலுக்குத்தான் எட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. தரை கூட்டியதை யாராவது சொல்வார்களா?

பத்தே நாளில் பதினோரு பாட்டிலும் கரும்பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிப் பாட்டில் மட்டும் வெளிறிக் கிடந்தது. "இது சீக்குக்கா" என்று ஷமீமா அதில் சாம்பிள்கூட எடுக்காமல் ஒதுக்கிவிட்டாள்.

3. ப்ளீச்சிங் வாளி

பச்சைப் பாட்டில்களை மிஷினில் சோதித்தால் மருந்துப் பொருள் வரவில்லை. பாசிக்குப் போடுகிற உப்பை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், மிஷினைச் சந்தேகப்பட்டாள். மூன்று வருஷ உழைப்பு அவளுக்கு. கடைசியில் அவளுடைய கைடு சார் வந்து, "பாசி அந்த என்சைமைத் தொலைச்சிருச்சு போல. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் ப்ளீச்சிங்ல ஊத்திருங்க. வேற டாபிக் பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வாளியோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. முதலில் கையில் எடுத்தது அந்தச் சீக்குப் பாட்டிலைத்தான்.

"பச்சை இவ்ளோ நல்லாருக்கு, வெயிலும் இந்தப் போடு போடுது. பொறவு ஏன்க்கா என்சைம் ஓடல?"

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "ஏட்டி, ஊத்தாத! அதுக மேல எங்க வெயில் பட்டுச்சு? நான்தான் வேட்டி கட்டி மறைச்சேன்."

சத்தம் கேட்டு சார் வந்தார். "ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் கூசுகிறது. ஆனால் ஷமீமா என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த பாட்டிலையே பார்த்தாள்.

"இதுக்கும் கட்டுனீங்களா?"

"அதுக்கு எட்டலம்மா."

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிஷினுக்கு ஓடினாள். சாயங்காலம் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மருந்துப் பொருள் அதில் இருந்தது.

4. எனக்கு விளங்கியது

பச்சையாக இருந்தவை ஏன் சும்மா இருந்தன என்று அன்று வெட்கப்படாமல் கேட்டேன். "நிழல்ல வெளிச்சம் கம்மில்லா, கிடைக்குததைப் பிடிக்கப் பாசி பச்சையைக் கூட்டிக்கிடும். என்சைமுக்குக் குடுக்க மிச்சம் இருக்காது" என்றாள். பாதி புரிந்தது. வெளிறின பாட்டில்தான் வேலை பார்த்தது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வரும்போது எங்கள் முகமும் அப்படித்தான் இருக்கும்.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புரியாவிட்டால் கேளுங்கள். கை செய்ததை, அற்பமாகத் தெரிந்தாலும், எழுதிவையுங்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் சார் ரிஜிஸ்டரில், நான் கையால் செய்ததை எழுதவென்று புதிதாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். அதில் முதல் வரியை எழுதினேன்: "வேட்டி கட்டினேன். பதினோரு பாட்டிலுக்கு."